ஒலியைச் சிறைப்பிடிக்கும் இடத்தியல் பொருள்கள்: தறிக்கூடத்துக்குப் பயன்படுமா?

தறிக்கூடம் (சோமனூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கூடத்தில் 16 விசைத்தறிகள் ஓடுகின்றன. எல்லாம் பழைய நாடாத் தறிகள்தாம். நாடா (ஊடைநூலைச் சுமந்து ஓடும் கட்டை) ஒவ்வொரு முறையும் பிக்கரில் (அதை அடித்துத் தள்ளும் பகுதியில்) மோதும்போது எழும் ஓசையை இங்குள்ளவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. கூடத்தின் நடுவில் நின்று கைப்பேசிச் செயலியில் பார்த்தால் 98, 100 டெசிபல் என்று காட்டுகிறது. கைப்பேசிக் கணக்கை முழுவதும் நம்ப முடியாதுதான். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. முன்பு சுற்றிலும் சோளக்காடாக இருந்த இடத்தில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. தெற்கே நாற்பது அடி தள்ளி ஒரு குடும்பம் குடியிருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்துக்கு 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அவர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தான். இடத்தியல் ஒலிப்பொருள்கள் என்று ஒன்று வந்திருக்கிறதாம். அவற்றைக் கொண்டு ஒலியை ஒரு மூலையில் சிறைப்பிடிக்கலாம், ஓரமாகவே ஓட்டிச் சென்று வேண்டிய இடத்தில் இறக்கிவிடலாம், பொருளில் சிறு குறை இருந்தாலும் ஒலி சிதறாது என்றெல்லாம் அதில் இருந்தது. இதைத் தெற்குச் சுவரில் பதித்தால் தறி ஓசை வெளியே போகாமல் நிற்குமா? விலைக்குக் கிடைக்கும் பொருளா, ஆய்வுக்கூடத்தோடு நிற்பதா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

அலைநீளம் (கோவை) எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் ஒலியியலில் ஆய்வு மாணவி. உங்கள் கேள்விக்கு நேரான பதில் "தறிக்கூடத்துக்கு உதவாது" என்பதுதான். ஏன் உதவாது என்பதைப் பார்த்தால்தான் அது எதற்கு உதவும் என்பது விளங்கும் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

முதலில், "பொருள்" என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்புகிறது. இதில் புதிய உலோகமோ புதிய பஞ்சோ கிடையாது. சாதாரண எஃகுக் கம்பியும் பிளாஸ்டிக்கும் காற்றுந்தான். அவற்றை எந்த இடைவெளியில், எந்த ஒழுங்கில் அடுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாட்ரிட் நகரில் எஃகுக் குழாய்களை வரிசை வரிசையாக நட்டு யூசேபியோ செம்பெரே என்பவர் ஒரு சிற்பம் அமைத்திருந்தார். ஏறத்தாழ 3 செ.மீ. தடிமனுள்ள குழாய்கள், ஒன்றுக்கொன்று 10 செ.மீ. இடைவெளி. 1995இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் அதன் ஊடாக ஒலியை அனுப்பிப் பார்த்தபோது, 1,670 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி மட்டும் பெரிதும் தேய்ந்து போவதைக் கண்டார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை நாமே கணக்கிடலாம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அலைநீளத்தில் பாதி, குழாய்களின் இடைவெளியாகிய 10 செ.மீ.க்குச் சமமாகும் அதிர்வெண் 1,715 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று ஒத்துச் சேர்ந்து முழு அலையையும் பின்னே தள்ளிவிடுகின்றன. இப்படி ஒலி புக முடியாத அதிர்வெண் வரம்பைத் தடைப்பட்டை என்போம்.

இடத்தியல் (டோபாலஜி) இதற்கு அடுத்த படி. இழுத்தாலும் நெளித்தாலும் மாறாத பண்புகளைப் பார்க்கும் கணிதம் அது. பொருள்களில் அதைப் பார்க்கும் வழக்கம் மின்னணுவியலில் இருந்து வந்தது. 1980இல் கிளாஸ் வான் கிளிட்சிங், வலுவான காந்தப்புலத்தில் வைத்த மெல்லிய மின்னணுப் படலத்தில் ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளக்கும் மின்தடை) படிக்கட்டுபோல் ஏறுவதையும், மாதிரியில் அழுக்கு இருந்தாலும் படிகளின் உயரம் மாறாமல் இருப்பதையும் கண்டார். 1982இல் டேவிட் தவுலசும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் படிகளுக்குப் பின்னால் முழு எண் ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். முழு எண் என்பதால் அது 1இலிருந்து 1.02க்கு நகர முடியாது. உள்ளே அந்த எண் 1, வெளியே 0 என்றால், இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் தடைப்பட்டை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டும். அதனால் அந்த ஓரத்தில் மட்டும் அலை ஓட வழி பிறக்கிறது. தவுலஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகைச் சிந்தனைக்காகத்தான்.

காற்றில் போகும் ஒலிக்குக் காந்தம் தெரியாது. மின்னணுவுக்கு உள்ள தற்சுழற்சியும் அதற்கு இல்லை. ஆகவே ஒலிக்காரர்கள் குறுக்கு வழி தேட வேண்டியிருந்தது. 2014இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆந்திரேயா அலுவின் குழு, வளைய வடிவ அறை ஒன்றுக்குள் மூன்று சிறு விசிறிகளை வைத்துக் காற்றைச் சுழலவிட்டது. காற்றோடு போகும் ஒலியும் எதிர்த்து வரும் ஒலியும் இரண்டு விதமாக நடந்துகொண்டதால், முதல் வாயிலில் விட்ட ஒலி இரண்டாம் வாயிலுக்குப் போயிற்றே தவிரத் திரும்பி வரவில்லை; இரு திசைகளுக்கும் இடையே 40 டெசிபல் வரை வேறுபாடு கிடைத்தது. 2016இல் சீனாவின் நான்ஜிங்கில், விசிறியே இல்லாமல், கம்பியின் தடிமன் வேறுபட்ட இரண்டு எஃகுக் கம்பி அடுக்குகளைச் சேர்த்து, அவை சந்திக்கும் ஓரத்தில் ஒலியை ஓடவிட்டார்கள். 2019இல் சிங்கப்பூரிலும் நியூயார்க்கிலும் இரு குழுக்கள் ககோமே என்னும் அடுக்கில் ஒலியை மூலையில் நிறுத்திக் காட்டின. ககோமே என்பது ஜப்பானிய மூங்கில் பின்னலின் பெயர். நம் ஊரில் கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையில் அறுகோணக் கண்ணும் அதைச் சுற்றி முக்கோணங்களுமாக ஒரு பின்னல் இருக்கிறதே, அதே பின்னல்தான்.

இப்போது உங்கள் சுவர். இந்த அடுக்குகள் எல்லாம் அலைநீளத்தை ஒட்டிய அளவில் அமைய வேண்டும். குறிப்பிட்ட அதிர்வெண் வரம்பில்தான் வேலை செய்யும். தறி ஓசையோ மோதலால் எழுவது. தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை எல்லாம் அதில் கலந்திருக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 3.4 மீட்டர். அதற்கு ஒலிப்படிகம் (இப்படி ஒழுங்காக அடுக்கிய அமைப்பு) கட்டினால் உங்கள் கூடத்தைவிடப் படிகம் பெரிதாகிவிடும்.

பழைய மேஸ்திரி (பல்லடம்) எழுதியது:

அம்மணி, நீங்கள் எழுதியதில் மற்றவை பிடிபடுகின்றன. அந்த முழு எண் மட்டும் பிடிபடவில்லை. எங்கள் காலத்தில் ஆயில் எஞ்சினிலிருந்து அரவை எந்திரத்துக்குப் பட்டை பெல்ட் ஓட்டும்போது, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பதற்கு முன் அரை முறுக்கு ஒன்று கொடுப்போம். பெல்ட்டின் இரு முகமும் ஒரே சீராகத் தேயும் என்பதற்காக. தைத்த பிறகு பெல்ட்டை எப்படி இழுத்தாலும், தளர்த்தினாலும், எண்ணெய் பட்டு நைந்தாலும் அந்த முறுக்கு போகாது. நீங்கள் சொல்லும் எண் இந்த முறுக்கைப் போன்றதா?

அலைநீளம் எழுதியது:

ஐயா, வகுப்பில் நான் காப்பிக் கோப்பையையும், அதைக் கிழிக்காமல் நெளித்தால் கிடைக்கும் வளையத்தையும் காட்டித் தடுமாறிக்கொண்டிருந்தேன். இனிமேல் உங்கள் பெல்ட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆம், அதைப் போன்றதுதான். முறுக்கின் எண்ணிக்கையை மாற்ற ஒரே வழி தையலைப் பிரிப்பது. ஒலிப்படிகத்தில் தையலைப் பிரிப்பது என்பது தடைப்பட்டையை ஒரு கணம் மூடுவது. கம்பியைச் சற்று நகர்த்துங்கள், கொஞ்சம் தடிமனாக்குங்கள். தடைப்பட்டை திறந்தே இருக்கும் வரை எண் மாறாது.

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். பெல்ட்டில் முறுக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. படிகத்தில் முறுக்கு, குழாயிலோ கம்பியிலோ இல்லை. அலையின் கட்டத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த அலகுகளில் அலை எவ்வளவு முன்பின்னாகத் துடிக்கிறது என்பதைப் பூஜ்யத்திலிருந்து ஒரு முழுச் சுற்று வரை மாற்றிக்கொண்டே போய், அலகுக்குள் அலையின் வடிவம் வழியில் எப்படித் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். சுற்று முடிந்து தொடக்கத்துக்கு வரும்போது அது முறுக்கில்லாமல் வந்து சேர்ந்ததா, முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. 1979இல் சூ, ஷ்ரீஃபர், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீன் என்னும் பாலிமருக்காக எழுதிய மாதிரி இதன் மிக எளிய வடிவம். வலுவான பிணைப்பும் மெலிந்த பிணைப்பும் மாறி மாறி வரும் ஒரு சங்கிலி, அவ்வளவுதான். சங்கிலி மெலிந்த பிணைப்பில் முடிந்தால் அதன் நுனியில் ஓர் அலை ஒட்டிக்கொண்டு நிற்கும். வலுவான பிணைப்பில் முடிந்தால் நிற்காது.

ஐயப்பாடு (கோவை, பம்ப் அதிர்வுச் சோதனை) எழுதியது:

ஆய்வு மாணவி சொன்னவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லாமல் விடப்படும் ஒன்று இங்கும் விடுபட்டிருக்கிறது. "குறை இருந்தாலும் ஒலி சிதறாது" என்று கட்டுரைகள் அடித்துச் சொல்கின்றன. எந்தக் குறை, எவ்வளவு குறை என்று கேட்டால் பேச்சு மெலிந்துவிடும்.

விசிறி வைத்துக் காற்றைச் சுழற்றும் வகையும், கம்பி அடுக்கை மட்டும் மாற்றும் வகையும் ஒன்றல்ல. முதல் வகை உண்மையான ஒருவழிப் பாதை. எதிர்த்திசையில் தடமே கிடையாது, ஆகவே ஒலி திரும்ப நினைத்தாலும் திரும்ப இடமில்லை. இரண்டாம் வகையில் போகும் தடமும் வரும் தடமும் அதே ஓரத்தில் அருகருகே இருக்கின்றன. நடுவில் வெள்ளைக்கோடு மட்டும் போட்ட சாலையைப் போல. அந்தக் கோடு அடுக்கின் சமச்சீர். அறுகோணச் சமச்சீரைக் கெடுக்கும் குறை ஒன்று வந்தால் கோடு அழிந்து, போகும் ஒலி வரும் தடத்துக்குத் தாவிவிடும். ஒளிக்கும் இதே கதைதான். 2023இல் டென்மார்க்கில் ஒரு குழு இதுபோல் அடுக்கின் சமச்சீரை நம்பிய ஒளிப்பாதைகளைச் சிலிக்கானில் செய்து அளந்து பார்த்தது; உற்பத்தியில் தவிர்க்க முடியாத நுண்ணிய ஒழுங்கின்மைக்கு எதிராக, எதிர்பார்த்த பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை, பின்சிதறல் வலுவாகவே இருந்தது என்று அறிவித்தது. கூர்மையான வளைவில் திரும்புவதும், தாறுமாறான குறையைத் தாங்குவதும் இருவேறு திறமைகள். முதலாவதை இந்த அமைப்புகள் நன்றாகச் செய்கின்றன. அதைக் காட்டிவிட்டு இரண்டாவதுக்கும் சேர்த்துச் சான்றிதழ் எழுதிக்கொள்கிறார்கள்.

அடுத்தது இழப்பு. குறுகிய வழியில் போகும் ஒலியைக் காற்றின் பிசுபிசுப்பும் சுவரோடு நடக்கும் வெப்பப் பரிமாற்றமும் தின்றுகொண்டே இருக்கும். எந்த முழு எண்ணும் அதிலிருந்து காப்பாற்றாது. "சிறைப்பிடித்தல்" என்ற சொல்லைக் கேட்டால் ஒலி அங்கேயே அடைந்து கிடப்பதுபோல் தோன்றுகிறது. கேட்கும் ஒலி இத்தகைய அமைப்பில் தங்குவதெல்லாம் நொடியின் சிறு பகுதிதான்.

லேத்துப்பட்டறை (கணபதி) எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மணியிடம் தனியாகக் கேட்டு அளவு வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சோதனை செய்தேன். 2015இல் ஹாங்காங்கில் செய்த சோதனை ஒன்றின் வழியாம். நான் செய்தது பிவிசி குழாயில்.

இரண்டு அங்குலக் குழாயும் ஓர் அங்குலக் குழாயும் மாறி மாறி வரும். ஓர் அகலமும் ஒரு குறுகலும் சேர்ந்து ஓர் அலகு, அதன் நீளம் 34 செ.மீ. கடையில் கிடைக்கும் ரெடியூசரில் சரிவு இருப்பதால் அதை விட்டுவிட்டு, மரத்தில் வட்டு கடைந்து அகலக் குழாயின் இரு வாயிலும் இறுக்கிக் குறுகல் குழாயை அதில் செருகினேன். இடப்பக்கம் நான்கு அலகுகள். அவற்றில் அகலக் குழாய் 20, குறுகல் 14. வலப்பக்கம் நான்கு அலகுகள். அவற்றில் அகலம் 14, குறுகல் 20. இரண்டு பக்கமும் சேரும் நடு இடத்தில் குறுகல் குழாய் மட்டும் 17. மொத்தம் ஒன்பது அடி நீளம். ஒரு முனையில் சிறு ஸ்பீக்கர். குறுகல் குழாய் ஒவ்வொன்றிலும் காலர் மைக் நுழையும் அளவுக்குத் துளை. மைக் இல்லாத துளைகளைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றி மூடினேன். முதல் ஞாயிறு முழுவதும் ஒன்றும் சரிவரவில்லை. மரவட்டின் விளிம்பில் காற்றுக் கசிந்துகொண்டிருந்தது. எம்-சீல் வைத்து அடைத்த பிறகுதான் அளவுகள் நிலைத்தன.

இடப்பக்கத்தை மட்டும் தனியாக வைத்து ஒலியை 800 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றிக்கொண்டே போனால், 920க்கு மேல் மறுமுனையில் ஒலி அடங்கிவிடுகிறது. 1,110 தாண்டிய பிறகுதான் மீண்டும் வருகிறது. வலப்பக்கத்தை மட்டும் வைத்தாலும் அதே எல்லைகள்தாம். இரண்டு பக்கமும் ஒலியைத் தடுக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒலியை ஏற்றியபோது, தடைப்பட்டையின் நடுவில், 990 ஹெர்ட்ஸில், நடுக்குழாயின் மைக்கில் முள் சட்டென்று எழும்பியது. மைக்கை நடுவிலிருந்து எந்தப் பக்கம் ஓர் அலகு நகர்த்தினாலும் ஆறேழு டெசிபல் குறைகிறது. அடுத்த அலகில் இன்னொரு ஆறேழு. நடுவில் கதவும் இல்லை, அடைப்பும் இல்லை. கம்பியை விட்டுப் பார்த்தால் குழாய் நேராகத்தான் போகிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் ஒலி சுற்றி நிற்பதற்குச் சுவர் இருக்கிறது. இங்கே எதில் மோதி நிற்கிறது என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வலப்பக்கத்தை அவிழ்த்து, அதிலும் 20க்கு 14 என்றே வைத்தேன். 990இல் இருந்த எழுச்சி காணாமல் போயிற்று. எல்லாவற்றையும் 17க்கு 17 என்று வெட்டியபோது தடையே இல்லாமல் 990 ஹெர்ட்ஸ் மறுமுனைக்குப் போய்விட்டது. மேஸ்திரி ஐயா சொன்ன தையல் பிரிவது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஐயப்பாடு அண்ணாவுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் அகலத் துண்டை 20க்குப் பதில் 21 என்று தவறாக வெட்டியிருந்தேன். அதை வைத்தபோது எழுச்சி சில ஹெர்ட்ஸ் நகர்ந்தது, மறையவில்லை. ஆனால் காலையில் 990இல் இருந்தது, அட்டைக்கூரை சூடேறிய மதியத்தில் 1,006க்குப் போயிற்று. அதற்கு முழு எண் ஒன்றும் செய்யவில்லை.

ஐயப்பாடு எழுதியது:

கையால் செய்து பார்த்ததற்கு மகிழ்ச்சி. சூட்டின் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஒரு பாகை ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். பத்துப் பாகைக்கு ஆறு மீட்டர், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 1.7 பங்கு. 990க்கு அது 16 அல்லது 17 ஹெர்ட்ஸ். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரே சீரான குழாய் வரிசையில் நடுவில் ஒரு துண்டை மட்டும் நீளமாக வைத்தாலும் ஒலி அங்கே தங்குமே. அதற்கு இடத்தியல் எதற்கு?

அலைநீளம் எழுதியது:

தங்கும் அண்ணா. ஆனால் அந்த நிலை, துண்டின் நீளத்தைப் பொறுத்துத் தடைப்பட்டைக்குள் எங்கு வேண்டுமானாலும் விழும். நீளம் மாறினால் பட்டைக்கு வெளியே நழுவியும் போகும். லேத்துப்பட்டறை அண்ணாவின் குழாயில் நடுவில் நாம் எதையும் தேர்ந்தெடுத்து வைக்கவில்லை. 17 என்பது இரு பக்கத்து அலகுகளின் பாதிகள் ஏழும் பத்தும் சேர்ந்தது. இரு பக்கமும் வெவ்வேறு வகை என்பதாலேயே அந்த இடைவெளிக்குள் ஒரு நிலை இருந்தே தீர வேண்டும். இருப்பதற்கு மட்டுமே உறுதி உண்டு. எந்த அதிர்வெண்ணில் என்பதற்கு இந்தக் குழாய் வகையில் உறுதி இல்லை. நீங்கள் முன்பு சொன்ன சமச்சீர்க் குறையையும் இழப்பையும் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். கட்டுரை முன்னுரைகளில் "பாதுகாக்கப்பட்ட" என்ற சொல் மலிந்துவிட்டது; நானும் ஒரு கட்டுரையில் அப்படி எழுதியிருக்கிறேன்.

இதன் பயன், அலைநீளம் சிறிதாக இருக்கும் இடத்தில்தான். கைப்பேசியில் அலைவரிசை பிரிக்கும் வடிகட்டிகளில் திடப்பொருளின் மேற்பரப்பில் ஓடும் ஒலி அலைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே அலைநீளம் மைக்ரோமீட்டர் அளவு. ஒலியை வளைத்து ஓட்டவும், ஒரு புள்ளியில் குவித்து உணரவும் அங்கே ஒரு சில்லுக்குள் இடம் இருக்கிறது.

தறிக்கூடம் எழுதியது:

நன்றி. எனக்குப் பாதி புரிந்தது; அந்தப் பாதியே வியப்பாக இருக்கிறது. ஆனால் தெற்கு வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஐயப்பாடு எழுதியது:

அதற்குப் பழைய இயற்பியலே போதும். சுவரின் எடை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆனால் எடையைக் கூட்டுவதற்கு முன் திறப்பைப் பாருங்கள். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற பங்கு எவ்வளவு கனமான சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அதோடு, வெளியே இருப்பவரைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். உள்ளே நிற்பவருக்குத் தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபலில் எட்டு மணி நேரம், 100 டெசிபலில் இரண்டு மணி நேரம்தான். தறி ஓட்டுபவர்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சுவரைத் தொடுங்கள்.

தறிக்கூடம் எழுதியது:

காதடைப்பான் வாங்கியாயிற்று, அணிய வைப்பதுதான் பாடாக இருக்கிறது. நேற்று ஏணி போட்டுத் தெற்குச் சுவரைப் பார்த்தேன். சுவருக்கும் கூரை அட்டைக்கும் நடுவில், 60 அடி நீளத்துக்கும், மூன்று அங்குல இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதுவே 15 சதுர அடி ஆகிறது. சுவர் 12 அடி உயரம், 720 சதுர அடி. நூற்றுக்கு இரண்டு பங்கு. அக்கா மகனிடம் கணக்குப் போடச் சொன்னேன், 17 டெசிபல் என்றான். பஞ்சுத் தூசிக்கும் சூட்டுக்கும் காற்று வேண்டும் என்பதால் முழுவதும் அடைக்க முடியாது. வடக்கே காட்டுப் பக்கம் திறந்துவிட்டுத் தெற்கை மட்டும் செங்கல் வைத்துப் பூசக் கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன்.

லேத்துப்பட்டறை அண்ணா, அந்த மரவட்டுகள் பதினாறு கடைந்து கொடுக்க எவ்வளவு ஆகும்? இரண்டு அங்குலக் குழாய் போர்வெல் வேலையில் மிஞ்சியது வீட்டிலேயே கிடக்கிறது. பையன் விடுமுறையில் வரும்போது மேற்கு அறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறான். தறிகளை நிறுத்தும் ஞாயிறு மாலையில்தான் அது முடியும்.